இரண்டாவது வட்டம்

திரையில் தன் பெயர் இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் ஸ்ரீலக்ஷ்மிக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ஸ்ரீலக்ஷ்மி வழக்கமான இடத்தில், அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் கணவனுக்கும் மகளுக்கும் கோடுகள் ஓட, வட்டத்துக்குள் தன் புகைப்படத்தோடு இருந்தாள். இன்னொரு ஸ்ரீலக்ஷ்மி திரையின் ஓரத்தில், படமும் இல்லாமல் கோடும் இல்லாமல் வெறும் வளையமாக நின்றாள். காலையிலேயே அதை அழித்தாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகும் அழித்தாள். இதோ, மறுபடியும் அங்கேயே இருக்கிறது.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இயங்கியது அவளுடைய சின்ன நிறுவனம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் தகவல்களில் சென்னையைப் பற்றியவற்றை எல்லாம் ஒன்றோடொன்று கோத்து, படமாகக் காட்டும் கருவி ஒன்றை அவள் இரண்டு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தெருவும் ஒரு வட்டம். கோயிலும் குளமும் பள்ளிக்கூடமும் மனிதர்களும் அப்படியே. அவற்றுக்கு இடையே உள்ள தொடர்பெல்லாம் கோடுகள். மயிலாப்பூர்க் குளத்தைத் தொட்டால் மாட வீதிகள் விரியும். வீதியைத் தொட்டால் அங்கே பிறந்தவர்கள் விரிவார்கள். விரல் போன போக்கில் ஊரையே சுற்றி வரலாம். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் குடும்பத்தையும் அதில் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தாள்.

நாளைக் காலை நூலகத்துக்காரர்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு கோளாறு.

"புகழ், கொஞ்சம் இங்க வாயேன்."

பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்த புகழேந்தி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். தகவல்களைச் சரிபார்த்து ஏற்றுவது அவன் வேலை.

"இன்னா மேடம், திரும்பியும் வந்து நிக்குதா?"

"அழிச்சு அழிச்சு கை ஓஞ்சு போச்சு. நீதான் எங்கேயோ என் பேரை ரெண்டு தடவை ஏத்தியிருக்கே."

"சத்தியமா நான் ஏத்தல மேடம்." அவன் குனிந்து அந்த வளையத்தைத் தட்டினான். எந்தத் தகவலும் எங்கிருந்து வந்தது என்று கருவி சொல்லிவிடும். வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் ஒரே ஒரு பெயர்: ஸ்ரீலக்ஷ்மி. "பாருங்க, நீங்களே போட்டதுன்னு சொல்து."

"நான் போடலை!"

"சரி சரி, வுடுங்க. நான் தூக்கிட்றேன்." தட்டினான். வளையம் மறைந்தது. "அவ்ளோதான், பூட்ச்சு. மழை புட்ச்சிக்கினு கீது மேடம், நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களும் கெளம்புங்க. வேளச்சேரில தண்ணி ஏறிச்சின்னா வூடு போய்ச் சேர முடியாது."

மரப்படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாடையும் யாரோ கழுவாமல் விட்டுப்போன காபித் தம்ளரின் புளித்த வாடையும் கலந்து அறைக்குள்ளேயே தங்கி நின்றன. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் பெட்டி, தூக்கத்தில் யாரோ முனகுவது போல விட்டு விட்டு முனகியது. ஒன்றன்மேல் ஒன்று விழாமல் வட்டங்கள் தாமாகவே தள்ளிக்கொள்ளும்படி அவள் எழுதியிருந்தாள். அதனால் படம் எப்போதும் தண்ணீரில் மிதப்பது போல லேசாக ஆடிக்கொண்டிருக்கும். இப்போது அவள் குடும்பத்து வட்டங்கள் மட்டும் மெல்ல, மிக மெல்ல, ஒரு பக்கமாக ஒதுங்கின. கூட்டத்துக்குள் வருகிற ஒருவருக்கு வழிவிடுவது போல.

அந்த இடைவெளியில் வளையம் நின்றது.

இந்தத் தடவை அதற்கு ஒரு கோடு இருந்தது. அலுவலகத்துக்குப் போகும் கோடு. தன் வட்டத்தில் தேடினாள். அங்கே அந்தக் கோடு இல்லை.

"என்ன கண்றாவி இது!" பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் திரும்ப வரைந்தாள். வரைந்து முடித்த கையோடு அது நழுவி வளையத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி வரைந்தாள். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை மேஜையை ஓங்கி அறைந்தாள்.

அப்போது திரையின் நடுவில் ஒரு கேள்வி வந்தது.

இருவரும் ஒருவரே. சேர்த்துவிடலாமா?

அவளுக்குப் பழக்கமான கேள்விதான். ஒரே ஆளை ஒரு நூலகம் ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் எழுதியிருந்தால், இரண்டையும் ஒன்றாக்கக் கருவி இப்படித்தான் கேட்கும். இது முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டாள். சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். எதில் எது என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஆம் என்பதைத் தட்டினாள்.

வேளச்சேரி வீட்டுக்குப் போகும் கோடு அவள் வட்டத்திலிருந்து பிரிந்தது. நிதானமாக, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சாவி மாறுவது போல, வளையத்துக்குப் போனது. பிறகு அவள் படித்த கல்லூரி. பிறகு அம்மா. பிறகு சாய்நாத்.

நிறுத்தப் பார்த்தாள். எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. இணைய வயரைப் பிடுங்கினாள். கோடுகள் நிற்கவில்லை. கணினியின் மின்சார வயரையும் பிடுங்கிவிட்டு, அதன் நுனியைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். திரை அணையவில்லை.

யுபிஎஸ்ஸாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். யுபிஎஸ்ஸின் முனகல் எப்போதோ நின்றுபோயிருந்தது.

புகழேந்திக்குப் போன் செய்தாள். ரயில் ஓடும் சத்தம் கேட்டது.

"அலோ, யாரு?"

"நான்தான் புகழ். கம்ப்யூட்டர் என்னமோ..."

"நான்தான்னா யாருங்க?"

"ஸ்ரீலக்ஷ்மி. என் நம்பர் தெரியலையா உனக்கு?"



"இன்னாங்க, வெளாட்றீங்களா? மேடம் என் எதிர்லதான் ஒக்காந்துகினு கீறாங்க. ஒண்ணாதான் வூட்டுக்குப் போய்க்கினு இருக்கோம்."

அவனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு புகழ் போன்ல?"

அவளுடைய குரல்.

"தெரில மேடம். ராங் நம்பர்."

அவன் போனை வைத்துவிட்டான். ஸ்ரீலக்ஷ்மி திரையைப் பார்த்தாள். வளையத்துக்குள் அவள் புகைப்படம் வந்து நிறைந்திருந்தது, அவளே பிடித்து மாட்டியது போல அத்தனை பொருத்தமாக. அவள் வட்டம் வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு கோடு பாக்கி. தாரிணி. யுகேஜி படிக்கும் மகள். அந்தக் கோடு இழுபட்டு மெலிந்து, அறுந்துபோவது போல நடுங்கிக்கொண்டிருந்தது.

பையை எடுக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. ஓடினாள்.

போனில் கூப்பிட்ட ஆட்டோ வாசலுக்கு வந்தது. ஓட்டுநரிடம் வாய் திறக்காமல், பயண எண் இருந்த போன் திரையை மட்டும் நீட்டினாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வீடு வரும் வரை கழுத்தைக் கூடத் திருப்பவில்லை. அடையாறு தாண்டியதும் சாலையில் முழங்காலளவு தண்ணீர். சாரல் அவள் மேல் அடித்துக்கொண்டே வந்தது. துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றவில்லை. நாலு அடிக்கு ஒரு தரம் ஆட்டோ நின்றது. எல்லாவற்றையும் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. முன்னால் நிற்கும் பஸ்ஸை, மழையை, தன்னை, அந்தப் பாழாய்ப்போன பொத்தானை.

அடுக்குமாடி வாசலில் தினமும் எழுந்து நின்று சிரிக்கும் காவலாளி அவளைக் கண்டதும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

படிகள். இருட்டு. அவள் வீட்டுக் கதவு.

உள்ளேயிருந்து பெருங்காயமும் நெய்யும் மணத்தன. மணியை அழுத்தினாள்.

சாய்நாத் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். அவள் முகத்துக்கு நேராக ஒரு நொடி பார்த்தவன், சட்டென்று பார்வையை அவள் தோளுக்கு இறக்கிக்கொண்டான்.

"யாரு வேணும்?"

நான்தான் சாய், என்றாள். என்னைப் பாரேன், என்றாள். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"லக்ஷ்மி," என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். "யாரோ வந்து நிக்கறா. எதுவுமே பேச மாட்டேங்கறா."

ஹாலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து தாரிணிக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. காலையில் ஸ்ரீலக்ஷ்மி உடுத்திக்கொண்டு கிளம்பிய அதே பச்சைச் சுடிதார். ஓரமெல்லாம் மழையில் நனைந்திருந்தது. அவள் திரும்பவில்லை.

தாரிணி அந்தத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வாயிலிருந்த சாதம் அப்படியே நின்றது.

"அம்மா, அந்த ஆன்ட்டிக்கு ஏன்மா மூஞ்சியே இல்ல?"

"அங்க பாக்காதேடி கண்ணா," என்றது ஸ்ரீலக்ஷ்மியின் குரல். "சாப்பிடு."

ஸ்ரீலக்ஷ்மியின் கை தானாக மேலே போனது. நெற்றி இருந்தது. அதற்குக் கீழே விரல்கள் இறங்கின. ஈரமாக. வழுவழுப்பாக. எதிலும் தடுக்காமல் தாடை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தன.