எதுவும் ஒட்டக்கூடாத ஓடு

மூன்றாவது தொட்டியில் கிடந்த மண் ஓட்டில் மறுபடியும் ஒரு கொட்டலசு ஒட்டியிருந்தது. பாறையில் ஒட்டி வாழும் சின்னக் கடல் உயிர், அரிசி அளவு வெள்ளைக் கூம்பு. படகின் அடியில் அப்பிக் கிடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கே அது இருக்கக்கூடாது. கடல் சூழலியல் ஆய்வாளரான அவள், மற்ற தொட்டிகளில்தான் கொட்டலசுக் குஞ்சுகளை விட்டிருந்தாள். இதில் வடிகட்டிக் காய்ச்சிய கடல்நீர் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் ஓடு. அதில் உயிர் முளைத்தால் மொத்த ஆய்வும் குப்பைக்குப் போகும், பின்னாலேயே அவள் வேலையும் போகும்.

வழக்கம்போல் அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

அறையின் இன்னொரு சாவி ஆய்வு மாணவியிடம் இருந்தது. கேட்காமலே தேநீர் கொண்டுவந்து வைக்கிற பெண். அப்படிப்பட்டவர்களை அவள் நம்புவதில்லை.

"மூணாவது தொட்டியில கை வச்சியா?"

"ஐயோ, இல்ல மேடம். பக்கத்துலகூடப் போகல."

"அப்போ அதுவா நடந்து வந்து ஏறிக்கிச்சா?"

மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "மேடம், நீங்க சுரண்டுறதப் பார்த்தேன். தன் இனத்தோட வாடை இருக்கற இடத்துலதான் அது ஒட்டும், சுரண்டுனா வாடை பரவும்னு நீங்கதான வகுப்புல சொன்னீங்க?"

அப்படியென்றால் ஒளிந்து நின்று வேவு பார்க்கிறாள்.

"சாவியக் குடு."

மறுநாள் இரண்டு சாவிகளும் அவள் பையில்தான் இருந்தன. பூட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஓட்டில் மட்டும் இடமே மிச்சமில்லை. கூம்புக்கு மேல் கூம்பாக வெள்ளை அடையாக அப்பியிருந்தது. பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, நகக்கண்ணில் ரத்தம் கசியக் கசியச் சுரண்டினாள். சாவியை அச்செடுத்து வைத்திருப்பாள் திருட்டுக் கழுதை. நாளைக்கே அவள் சீட்டைக் கிழித்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் நுழையும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீர் வற்றிய பாறை வெயிலில் காய்கிற வாடை அவளோடு கூடவே வந்தது. செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக். டிக். யாரோ பல்லால் நகத்தைக் கடிப்பது போன்ற, மெல்லிய, ஈரமான சத்தம். அந்த மாணவி எதையாவது பைக்குள் போட்டுவிட்டாளா? பையைத் தரையில் கவிழ்த்தாள். சாவி, பேனா, கசங்கிய துண்டு. வேறு எதுவும் இல்லை. சமையலறைக் குழாயை இறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தில் காதை வைத்துப் பார்த்தாள். அதிலிருந்து வரவில்லை.

சத்தம் கூடத்திலிருந்து வந்தது.

சோபாவில் கணவன் குப்புறப் படுத்திருந்தான்.

"வந்துட்டியா தாயே? முதுகு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன், புண்ணியமாப் போகும்."

"எங்க?"

"நேத்துச் சொறிஞ்ச எடத்துலதான். தெனமும் சொறியற, தெனமும் கூடுது. உன் நகத்துல என்னதான் வச்சிருக்கியோ!"

அவள் கை பாதி வழியில் நின்றது.

டிக். டிக்.

சட்டைத் துணி அசைந்தது. அவன் மூச்சோடு சேர்ந்து அல்ல. தனியாக.

ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

முதுகுத்தண்டு நெடுக வெள்ளை. தோளிலிருந்து இடுப்புவரை கூம்புகள். அவள் விரல்கள் நேற்றுப் போன வழியே, கோடு கோடாக. ஒவ்வொன்றும் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் இறகு போன்ற கால்கள் நீண்டு, உலர்ந்த காற்றைத் துழாவின.

பிறகு துழாவுவதை நிறுத்தின. எல்லாம் ஒன்றாக வளைந்தன. அவள் நகங்களை நோக்கி.

"ம்... அங்கதான்" என்றான் அவன், கண்ணை மூடியபடி, சுகமாக. "நல்லா அழுத்திச் சுரண்டு."