மூன்று கல் வைத்த மணல்

மணலில் ஒரு மேடு இருந்தது.

ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வந்த சூர்யகலா பையைக்கூடக் கீழே வைக்காமல் மீன்தொட்டியின் முன்னால் குனிந்தாள். போன வாரம்தான் தோசைக்கரண்டியின் பின்பக்கத்தால் தடவித் தடவி, தரை மெழுகியதுபோல் சமமாக்கியிருந்தாள். உள்ளே இருப்பது கட்டைவிரல் அளவில் இரண்டே தங்கமீன்கள். அவை வாயால் கிளறினால் குழி விழும், மேடு எழும்பாது. இதுவோ மூன்று கூழாங்கற்களுக்கு நடுவில் ஒரு முழ நீளத்துக்கு, உள்ளேயிருந்து யாரோ முதுகைத் தூக்கியதுபோல் உப்பியிருந்தது.

காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மீன் விற்ற பிச்சைமணி அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னான். "மணலச் சும்மா போட்டு வைக்காதீகக்கா. அடியில கறுத்து கூமுட்டை நாத்தம் அடிக்கும், மீனு செத்துரும். வாரம் ஒருக்கா கிண்டி விட்டு, ட்யூப்ப வச்சு அழுக்க உறிஞ்சி எடுத்துருங்க."

நாள் முழுக்க ஸ்டோரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ட்யூபின் ஒரு முனையை வாளியில் விட்டு, மறுமுனையை மணலுக்கு ஒரு விரல் மேலே பிடித்துக்கொண்டு, குச்சியால் மேட்டைக் குத்தினாள். ஒரு குமிழி மெல்ல மேலே வந்து உடைந்தது. கூமுட்டை நாற்றம் இல்லை. விரல்களில் ஊறிப்போன ஏல வாசனையையும் தாண்டி, பால் குடித்துக் கக்கிய பிள்ளையின் வாய் வாசம் வந்தது.

அந்த வாசம் அவளுக்குத் தெரியும். மகள் தமிழினி பிறப்பதற்கு முன்னால், குரங்கணியில் அம்மா வீட்டில், தலைப்பிரசவத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்து ஒன்பது நாளே இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. பச்சைப் பிள்ளையை எரிக்கமாட்டார்கள். புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகவும் கூடாது. புருஷன் லிங்கேஸ்வரன்தான் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். எங்கே என்று அவன் சொன்னதில்லை. கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததும் இல்லை.

வாளித் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. மணல் கலங்கினால் மண் நிறம்தானே வரும்? தொட்டியும் வெளுத்துக்கொண்டே வந்தது. மீன்கள் தெரியவில்லை.

போன் அடித்தது. சிக்னலுக்காக வாசலுக்குப் போனாள். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவதற்காக, ஜீப்போடு போடிமெட்டில் நின்ற லிங்கேஸ்வரன் கூப்பிட்டிருந்தான்.

"ஏங்க, போன மாசம் குரங்கணில அள்ளிட்டு வந்த மணலு ஒரு மாதிரியா இருக்கு."

"ஆத்துல அள்ளுனதுதான?"

"ஆத்துல பூராம் கல்லு. கரை மேல இத்தி மரத்தடியில மாவாட்டம் இருந்துச்சு, அதத்தான் அள்ளுனேன். அங்கன கெடந்த மூணு கல்லையும் தமிழினி எடுத்துக்கிட்டா."



"கல்லையும் எடுத்துட்டியா?" அவன் குரல் உடைந்தது. "அது நான் வச்ச கல்லு, கலா. தமிழினிய அது பக்கத்துல விடாத. நான் வெரசா வர்றேன்."

திரும்பி ஓடினாள்.

ஐந்து வயசுத் தமிழினி ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். தோள் வரைக்கும் கை வெள்ளைத் தண்ணீருக்குள் இருந்தது.

"கைய எடு ஆத்தா!"

"விரலப் பிடிச்சுக்கிருச்சும்மா. விட மாட்டேங்குது."

இழுத்தாள். பிள்ளையின் கை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"குளிருதும்மா."

சூர்யகலா தன் கையை உள்ளே விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. மணல். கல். அப்புறம் விரல்கள். குச்சி குச்சியாக. ஐந்து.

அவை தமிழினியை விட்டன. சூர்யகலாவின் சுண்டுவிரலைத் தடவித் தேடின. பிடித்துக்கொண்டன.

"வெளிய ஓடு ஆத்தா. அப்பா வர்ற வரைக்கும் உள்ள வராத."

சின்னக் கால்கள் வாசலைத் தாண்டி ஓடின. இப்போது பிடி இறுக்கமில்லை. கையை எடுத்திருக்கலாம். பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை.

அந்த ஒன்பது நாள் பிள்ளைக்காக, ஏழு வருஷம் கழித்து, பால் சுரந்து ரவிக்கையின் முன்பக்கம் நனைந்தது.

கண்ணாடியை ஒட்டி, வெள்ளைத் தண்ணீருக்குள், பல்லில்லாத ஒரு சின்ன வாய் திறந்தது.