ஞாயிற்றுக்கிழமை செத்த படகு

திங்கள், காலை 9.05.

கைப்பயிற்சி அறையில் படகு ஓடவில்லை.

பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் வரும் ஆஸ்பத்திரி அறை அது. கணினியோடு இணைத்த ரப்பர் பிடியை அழுத்தினால் திரையில் விளையாட்டுப் படகின் துடுப்பு அசையும். நான்கு மாதங்களுக்கு முன் பஸ் டிரைவரின் இடது கை விரல்கள் ஈரத்துணி போலத் தொங்கின. போன சனிக்கிழமை அவர் முப்பத்தோராவது கட்டத்தைத் தாண்டியிருந்தார். இன்று விளையாட்டைத் திறந்ததும் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் வந்தன. முதல் வரி பிழை என்றது. மீதியைப் படிக்காமலே பிசியோ மூடிவிட்டான்.

"மறுபடி அமுக்கு தம்பி. என் வண்டியே ரெண்டு தடவை முக்கினாத்தான் கெளம்பும்" என்றார் டிரைவர்.

மூன்று தடவை அழுத்தியாயிற்று. அதே கணினியில் இருந்த பழைய மீன் விளையாட்டு மட்டும் வழக்கம்போலக் குமிழி விட்டபடி திறந்தது.

9.15. ஸ்டோர் அதிகாரியிடம் சொல்லலாம் என்று பிசியோ போனை எடுத்தான். எண்ணைத் தேடுவதற்குள் கதவு திறந்தது. அதிகாரியே வந்து நின்றார். ஒரு கையில் புது விளையாட்டு டப்பா, மறு கையில் தட்டச்சு செய்த கடிதம்.

"படகுக்குப் பதிலா இதப் போட்டுக்குங்க. நேத்து இந்த ரூமைத் தொடைச்சது யாரு? ஒயரைப் பிடுங்கி மெஷினைக் கெடுத்திருக்கா. பன்னெண்டு மணிக்குப் புகார் காண்ட்ராக்டருக்குப் போயிடும்."

துடைத்தவள் வாசலில் வாளியோடு நின்றிருந்தாள். ஈரத்தரையில் யார் கால் வைத்தாலும் அதட்டுவாள் என்பதால் டிரைவர் அவளுக்கு மேயர் என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கடிதம் போனால் இங்கே மட்டுமல்ல, காண்ட்ராக்டர் ஆள் அனுப்பும் எந்தக் கட்டடத்திலும் அவளுக்கு வேலை கிடையாது.

"பிடுங்கினேன் சார். தண்ணி பட்டுடுமேன்னுதான்…"

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா."

"ஒயரைப் பிடுங்கினத ஒத்துக்கிட்டா. படகைக் கெடுத்ததா எங்க ஒத்துக்கிட்டா?"

மூலை நாற்காலியிலிருந்து வந்தது குரல். முப்பது வருடம் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவள். அவளுக்கு விழுந்தது வலது கை மட்டும்தான். காது நன்றாகவே இருந்தது.

"டைப்பிஸ்டம்மா, இது ஆபீஸ் விஷயம்."

"ரெண்டு நிமிஷம் உக்காருங்க சார். பன்னெண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "மேயர், போன ஞாயித்துக்கிழமையும் ஒயரைப் பிடுங்கினியா?"

"மூணு வருசமா எல்லா ஞாயித்துக்கிழமையும் பிடுங்குறேம்மா."

"டிரைவர் அண்ணே, போன திங்கக்கிழமை படகு ஓடுச்சா?"

"பறந்துச்சு."

"தம்பி, மீனு எங்க வாங்கினது?"

"அது டிஸ்க்ல வந்தது மேடம். எட்டு வருசம் இருக்கும்."

"படகு?"

"அது இன்டர்நெட்ல வாங்கினது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கம்பெனிகிட்ட அனுமதி கேக்கும். கிடைச்சாத்தான் ஓடும். இதே படகு இப்படி அனுமதி கேக்கற பூட்டு இல்லாமலும் ஒரு கடைல கெடைச்சுது, டிஆர்எம் இல்லாததுன்னு போட்டிருந்தான். அதையே வாங்கலாம்னேன். சார்தான் எல்லாம் ஒண்ணுதான்னாரு."

"சரி, படகைத் திற. இந்தத் தடவை மூடாத."

நான்கு வரிகளையும் அவள் நிதானமாகப் படித்தாள். பிறகு பிசியோவைப் பார்த்தாள்.

"சாருக்கு எப்போ போன் பண்ணின?"

"பண்ணலையே மேடம். எடுத்தேன், அதுக்குள்ள அவரே…"

அவன் நிறுத்திக்கொண்டான். அதிகாரி கடிதத்தை மடித்தார்.

9.40. டைப்பிஸ்ட் சொன்னாள்:

"படகைக் கொன்னது கம்பெனி. மூணாவது வரில சொல்றான், ஞாயித்துக்கிழமையோட கடையை மூடிட்டானாம். இனிமே அனுமதி கேட்டா பதில் சொல்ல அங்க ஆள் இல்ல. மீனு யாரையும் கேக்கறதில்ல, அதனால உசுரோட இருக்கு. ஒயர்தான் காரணம்னா மீனும் செத்திருக்கணும்."

"அப்போ என்மேல எதுக்கும்மா?" என்றாள் மேயர்.

"நாலாவது வரிக்காக. ரெண்டு தடவை மெயில் போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டா பூட்டு இல்லாத காப்பி சும்மாவே தர்றேன்னு. அந்த மெயில் படகை வாங்கினவர் கிட்டத்தானே போகும்? சார் கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்லணுமே, அதுக்கு ஒரு ஆள் வேணும். படகு ஓடலேன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடியே சார் புது டப்பாவோட வந்து நின்னாரு. புகாரும் ரெடி. அதுதான் இடிச்சது."

"என் முப்பத்தொண்ணு?" டிரைவர் மெல்லக் கேட்டார்.

"அதுவும் இந்தக் கம்ப்யூட்டர்லயேதான் இருக்கு அண்ணே" என்றான் பிசியோ. "திறக்கத்தான் முடியாது."

டிரைவர் ரப்பர் பிடியை விட்டார். புது டப்பாவைப் பிரித்துப் பார்த்தான் பிசியோ. உள்ளே டிஸ்க் இல்லை, எண் அச்சிட்ட ஒரு சீட்டு.

"இதுவும் கேட்டுத்தான் ஓடுமா?"

"ஆமாண்ணே."

"அப்போ இதையும் ஒருநாள் கொன்னுட்டுப் போவான். மீனைப் போடு."

9.55. அதிகாரி புகாரைக் கிழித்தார். பதிவேட்டில் காரணத்தையும் எழுதச் சொன்னாள் டைப்பிஸ்ட். அவர் எழுதினார்: தொழில்நுட்பக் கோளாறு. மூடி போட்ட பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே யாரோ வழியை மறித்து நின்றார்கள்.

புதுச் சீருடை போட்ட ஒரு பெண். கையில் புதுத் துடைப்பான்.

"கைப்பயிற்சி ரூம் இதுதானுங்களா? திங்கக்கிழமைலேர்ந்து இங்க வேலைன்னு காண்ட்ராக்டர் சனிக்கிழமையே சொல்லிட்டாரு. அட்டைகூடக் குடுத்துட்டாரு."

டைப்பிஸ்ட் அதிகாரியைப் பார்த்தாள். சனிக்கிழமை படகு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அவளைச் சுற்றிக்கொண்டு நடையில் இறங்கிப் போனார்.

டைப்பிஸ்ட் இடது கையால் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டாள். புகார் கிழிந்ததைச் சொன்னாள். மறுமுனை பொறுமையாகக் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா அந்த ரூமுக்கு ஒரு ஆளுதான். எங்கயாவது காலியானா கூப்பிடறேன்னு சொல்லுங்க."

புதுப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அக்கா, நான் பழைய வேலையை விட்டுட்டு வந்துட்டேனே…"

"உன்னை யாரு என்ன சொன்னா?" மேயர் வாளியை அவள் பக்கம் நகர்த்தினாள். தன் சீருடையின் மேல்பொத்தானைக் கழற்றியபடி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "உள்ள வா தாயி. முதல்ல, இங்க எதெல்லாம் ஏற்கெனவே செத்துக் கெடக்குன்னு எழுதி வாங்கிக்கோ. அப்புறமா தொடை."