பதிலுக்குத் தட்டு

நிலம் அதிர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஷோகேஸ் கண்ணாடிதான். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு எத்தனையோ சின்ன அதிர்வுகள் வந்துபோய்விட்டன. ஒவ்வொரு தடவையும் அதுதான் கிணுகிணுத்து ஊரைக் கூட்டும். இந்த ஞாயிறு மத்தியானம் கண்ணாடி சும்மா இருந்தது. சத்தம் மட்டும் வந்தது, ஹால் தரைக்கு அடியிலிருந்து.

துணி மடித்துக்கொண்டிருந்த ஜெமிமா அப்படியே நின்றாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. போவன்பள்ளிப் பக்கம் இடிபாடுகளை அள்ளும் இயந்திரங்களும் ஓய்ந்து கிடக்க, ஜன்னல் வழியே நனைந்த சிமெண்ட் வாசனையும் அதற்கடியில் யாரும் பேர் சொல்ல விரும்பாத இன்னொரு வாசனையும் வந்து, துவைத்த துணியில்கூட ஏறிக்கொண்டிருந்தன. பாலாநகர் தொழிற்சாலையில் விரிசல் பார்க்கப் போயிருந்த கணவன் சிலாஸுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, தரைக்குக் கீழ யாரோ தட்டுறாங்க."

"ஆஃப்டர்ஷாக்கா இருக்கும் ஜெமி. எதுக்கு டென்ஷன்? நம்ம வீடு பாறை மேல நிக்குது. அடியில எலி போகக்கூட இடமில்ல."

அவன் சொன்னது சரிதான். ஏரியைத் தூர்த்த இளகிய மண் அதிர்வைப் பல மடங்காக்கிவிட, கார் நிறுத்துவதற்காகக் கீழே வெறும் தூண்களை மட்டும் விட்டுக் கட்டிய அடுக்குமாடிகள்தான் முழங்கால் மடிந்து உட்கார்ந்தன. பாறைமேல் இருந்த பழைய வீடுகள் கீறலோடு தப்பின. ஹைதராபாத்தில் பூகம்பமா என்று சிரித்தவர்களெல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த தெருவில் விழுந்த கட்டடத்தில் சர்ச் ஆட்களோடு ஜெமிமாவும் வேலை செய்திருந்தாள். இரும்புக் கம்பியால் மூன்று தட்டு தட்டுவார்கள். உடனே எல்லா இயந்திரமும் நிற்கும். தெருவே மூச்சைப் பிடித்துக் காது கொடுக்கும். உள்ளே உயிரோடிருப்பவர் பதிலுக்குத் தட்டினால் அங்கே தோண்டுவார்கள். பெற்ற மனம் கேட்குமா? வீட்டுக்கு வந்ததும் ஏழு வயது மகள் பிளெசிக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். "தட்டுற சத்தம் கேட்டா நீயும் தட்டணும் கண்ணு. அப்பதான் வந்து எடுப்பாங்க."

டக். டக். டக்.

ஜெமிமா மண்டியிட்டு, தரையில் பதித்திருந்த ஷாபாத் கல்லில் காதை வைத்தாள். கல் சில்லென்றிருந்தது. ஐயோ, யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களே என்றுதான் முதலில் பதறினாள். ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் இப்படித் தட்டமாட்டார்கள். அவர்கள் வெறிபிடித்ததுபோல், கை ஓயும்வரை விடாமல் தட்டுவார்கள். இது மூன்றே தட்டு. பிறகு அமைதி. அதுவும் வெறும் அமைதியில்லை, கீழே பலர் மூச்சைப் பிடித்துக் காது கொடுக்கும் அமைதி.

கீழே இருப்பவர்கள் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. தேடுகிறவர்கள்.

பதில் சத்தம் மட்டும் போகக்கூடாது. வளையல் இடிக்காமல் கையைத் தூக்கினாள். எழுந்திருக்கவே பயமாக இருந்தது. பிளெசியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும். சத்தமில்லாமல்.

மறுபடியும் மூன்று தட்டு. மறுபடியும் அமைதி.

உள் அறையிலிருந்து பதில் போனது.

டக். டக். டக்.

ஓடினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளெசி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்டீல் டம்ளர். முகமெல்லாம் சிரிப்பு.

"மம்மி, தே ஹெர்ட் மீ! அவங்களுக்குக் கேட்டுடுச்சு!"

"பிளெசி, எழுந்திரு. வா இங்க."

அடியில் பிறாண்டல் தொடங்கியது. ஒரு கை இல்லை. பல கைகள். அவசரம். கல்லின் ஓரத்திலிருந்து பொடி எழும்பியது. கல் அசைந்தது. ஒரு விரற்கடை. ஒரு சாண்.

ஒரு கை மேலே வந்தது. சிமெண்ட் நிறம். நகங்கள் தேய்ந்து இல்லாமல் போயிருந்தன. அது பாயவில்லை, பிடுங்கவில்லை. உள்ளங்கையை விரித்து, குழந்தையை அழைப்பதுபோல் பொறுமையாகக் காத்திருந்தது.

பிளெசி தன் கையை அதில் வைத்தாள்.

"வேணாம்! பிளெசி, நக்கோ!"

ஜெமிமா பாய்ந்து மகளின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. பதமாக. வலிக்காமல். பாவாடை கிழிந்தது. ஈரமான சின்னக் குதிகால் ஒரு நொடி அவள் விரல்களில் இருந்தது.

பிறகு இல்லை.

கல் மெல்ல இறங்கிப் பழையபடி பொருந்தியது. கீழே, பாறைக்குள், ஒரு உயிரை மீட்டுவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.