பேச்சுத்துணை

பூவிழி ஒழுங்காகப் பதில் சொன்னாள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

"இருக்கியா?" என்று வேப்பமர நிழலில் உட்கார்ந்தபடி வைத்திலிங்கம் குரல் கொடுத்தான்.

"இருக்கேன்" என்று வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

மத்தியானம் மணி இரண்டு. கரண்ட் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குச் செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் மடியிலிருந்த கல்லை மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். வேட்டியில் ஒட்டிய நெருஞ்சி முள் மாதிரி என்னவோ ஒன்று காதுக்குள் உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டிருக்க வேண்டும். ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கொடுக்கிற சர்வேயர் அவன். சொந்த வீட்டில் மட்டும் அளவுச் சங்கிலியை எந்த மூலையில் வைத்து இழுப்பதென்று அவனுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

பூவிழிக்கு வலிப்பு நோய். பெண் பார்க்கப் போன அன்றே, காபி டம்ளரை நீட்டிய கையோடு அவளே சொன்னாள்: "எனக்கு வலிப்பு வரும். மாத்திரை போடுறேன். யோசிச்சு சொல்லுங்க." அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் கல் பொறுக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டான். கல்யாணமான முதல் வருடம், பெரம்பலூர் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தாள். நெற்றியில் ஆறு தையல். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கியா?". பதினோரு வருடமாக.

அதற்கு அவள் ஒருநாளும் நேரான பதில் சொன்னதில்லை. "இன்னும் போவல" என்பாள். "பூவிழி டவுனுக்குப் போயிருக்காங்க, வந்தா சொல்றேன்" என்பாள். "மொதல்ல நீங்க இருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பாள். "கேள்விதான் மாறப் போறதில்ல, பதிலாச்சும் மாறட்டுமே. இல்லன்னா ஒருநாள் டேப்ப ஓட விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்குங்க."

ஊரெல்லாம் வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடிக்கொண்டிருந்த மே மாதம் அது. அவர்களால் ஓட முடியாது. ராத்திரி பஸ் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். அருவி கூடாது, படகு கூடாது, மலை விளிம்பு கூடவே கூடாது. வைத்திலிங்கம் வரைபடத்தை விரித்து, திருச்சி நரம்பு டாக்டரைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்துக்கு வட்டம் போட்டான். வட்டத்துக்குள் அகப்பட்டது, காரை கிராமத்துக்குப் பக்கத்தில் சிநேகிதன் சின்னதுரையின் தோட்டத்து வீடு. வெயிலுக்கு இதமாக வெயிலுக்கே போன முதல் தம்பதி அவர்களாகத்தான் இருக்கும்.

பிடிவாதம் அவளுடையது. "எனக்காக நீங்க கல்ல விட்டது போதும். இப்ப உங்க மூஞ்சியே கல்லு மாதிரி ஆயிட்டு வருது. நீங்க பொறுக்குங்க, நான் வயர் கூடை பின்றேன். பொறுக்கி பொண்டாட்டின்னு பேரு வந்தா வந்துட்டுப் போவுது."

முதல் நாள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவள் உண்ணாமலை, பக்கத்துப் பருத்திக் கொல்லைக்காரி. தாழ்ப்பாள்களை இவன் ஸ்குரூ டிரைவரால் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து விவரம் கேட்டாள். அவன் சொன்னதும், "வலிப்பு வரும்போது கையில ஒரு இரும்பக் குடுங்க சார்" என்றாள்.

"அதெல்லாம் வேணாங்க. மூளையில வர்ற கரண்ட் கோளாறு அது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும். கையில, வாயில எதுவும் குடுக்கக் கூடாது."

"பேயா இருந்தா தேவலையேக்கா" என்றாள் பூவிழி. "அது ரெண்டு வேளை மாத்திரை கேக்காது."

உண்ணாமலை வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "எதுக்கும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருங்க. இந்த வூட்ல பேச்சுத்தொணைக்கு மட்டும் கொறையே இருக்காது."

தினமும் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசப் போகிறாள் என்று வைத்திலிங்கம் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

அலாரம் அடித்தது. இரண்டு பத்து.

"இருக்கியா?"

"இருக்கேன்."

நல்லது. அவன் கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். நேற்று மாலை கொல்லை வரப்பில் அகப்பட்டது. உள்ளங்கையை விடப் பெரிய நத்தைக்கல். இந்தச் செம்மண் மேடெல்லாம் கடலாகக் கிடந்த காலத்தில் நீந்திய ஏதோ ஓர் உயிர், சுருண்டு கல்லாகிப் போயிருந்தது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது பூவிழிக்கு விளக்கம் வேறு சொன்னான். "உள்ள வரிசையா ரூமு ரூமா இருக்கும் பூவு. வளர வளர அது புது ரூமு கட்டிக்கிட்டு முன்னாடி வந்துரும். கடைசி ரூமுலதான் உயிரு. மத்ததெல்லாம் காலி."

"சின்னதுரையண்ணன் வூடு மாதிரி" என்றாள் அவள்.

அப்படித்தான் இருந்தது வீடும். ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி நான்கு அறைகள். முன்னால் கட்டில் போட்ட அறை, பிறகு சமையலறை, பிறகு ஜன்னலே இல்லாத ஒரு சாமான் அறை, கடைசியில் குளியலறை. நேற்று ராத்திரியும் கரண்ட் இல்லை. பூவிழி புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் அவள் கண் சிவந்திருந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, கல்லை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் உண்மைதான். முழு உண்மையல்ல.

இரண்டு இருபது. "இருக்கேன்." இரண்டு முப்பது. "இருக்கேன்."

வெயில் வெள்ளையாகக் கொதித்தது. பருத்திச் செடிகள் அசையவில்லை, வேப்பிலை அசையவில்லை, காக்கைகூட எங்கோ போய்ப் பதுங்கியிருந்தது. பிரஷ் கல்லில் உரசும் சரசரப்பும், பத்து நிமிடத்துக்கொருமுறை அந்தக் குரலும் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக வைத்திலிங்கத்துக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மணியடித்தால் கேள்வி, கேட்டால் பதில், இடையில் முழுசாகப் பத்து நிமிடம் தனக்கே தனக்கு. இவ்வளவு சின்ன விடுமுறைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாருமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்போது அந்த வாசனை வந்தது.

பால் தீயும் வாசனை. அடியில் பிடித்து, கறுத்து, நாக்கில் கசப்பாக ஒட்டும் வாசனை.

அவன் கை நின்றது. வீட்டில் பால் இல்லை. இரண்டு நாளாகக் கடுங்காப்பிதான். அதோடு, அந்த வாசனை அவனுக்கு வரக் கூடாது. வலிப்பு வருவதற்கு முன்னால் பூவிழிக்கு மட்டும் வருவது அது. வெளியில் எதுவும் தீய்வதில்லை, அவள் மூளைக்குள் எழும் வாசனை என்று டாக்டர் படம் போட்டு விளக்கியிருந்தார். "ஏங்க, பால் தீயுது" என்பாள். அவன் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அது அவன் மூக்குக்கு எட்டியதில்லை.

அலாரம் அடிப்பதற்கு முன்பே கேட்டான். "பூவு, இருக்கியா?"

"இருக்கேன்."

காதில் இருந்த முள் அப்போதுதான் கையில் அகப்பட்டது.

நேரான பதில். ஐந்து முறையும் நேரான பதில். டவுனுக்குப் போகவில்லை, திருப்பிக் கேட்கவில்லை, கேலி இல்லை. ஐந்து முறையும் ஒரே ராகம். கடைசி எழுத்தில் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிற ஒரே இழுப்பு. டேப்பை ஓட விட்ட மாதிரி.

கல்லைக் கீழே வைத்தான். கேள்வியை மாற்றினான்.

"டீ போடவா?"

"இருக்கேன்."

"கூடை எவ்வளவு முடிஞ்சுது?"

"இருக்கேன்."

எழுந்து நின்றான். மூன்றாவதாகக் கேட்டான். "என் பேரு என்ன?"

கொஞ்சம் இடைவெளி. யோசிக்கிற இடைவெளி.

"இருக்கேன்."

அவன் ஓடினான்.

முதல் அறை. கட்டில் காலி. பாதி பின்னிய பச்சை வயர் கூடை கவிழ்ந்து கிடந்தது. "பூவு!" குரல் சமையலறையிலிருந்து வந்தது: "இருக்கேன்." சமையலறை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபடி. வாசனை மட்டும் தொண்டையை அடைத்தது. "பூவு!" குரல் இன்னும் ஓர் அறை உள்ளே போயிருந்தது. "இருக்கேன்."

சாமான் அறை. பட்டப்பகலில் இருட்டு. செல்போன் வெளிச்சத்தைப் போட்டான்.

முதலில் தெரிந்தது மெட்டி. பிறகு பாதம். நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் பூவிழி விழுந்து கிடந்தாள். குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்திருக்கிறாள். விரல்களில் பச்சை வயர் சுற்றி இறுகியிருந்தது. குறட்டை மாதிரி மூச்சு. மூச்சு இருந்தது. இருந்தது.

"சாமி" என்றான், நம்பிக்கை இல்லாதவன். தரையில் உட்கார்ந்து அவளை ஒருக்களித்துத் திருப்பி, தலையை மடியில் ஏந்திக்கொண்டான். வாயோரம் வழிந்த எச்சில் வெள்ளையாகக் காய்ந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு வரிசை எறும்பு வந்துகொண்டிருந்தது. துடைத்தான். எச்சில் காய எவ்வளவு நேரமாகும், எறும்பு வழி கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அளந்தே பழகிய புத்தி, வேண்டாம் வேண்டாம் என்றபோதே அளந்து முடித்துவிட்டது.

முதல் "இருக்கேன்"னுக்கு முன்பே அவள் விழுந்துவிட்டாள்.

மடியில் இமை அசைந்தது. கண் திறந்தது. வலிப்பு முடிந்து திரும்பி வரும்போது அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆளே தெரியாது, அது வழக்கம்தான். "ஒண்ணுமில்லடா. நான்தான். வைத்தி. மெதுவா, மெதுவா." நெற்றித் தழும்பைத் தடவினான். அவள் கண் அவன் முகத்தில் நின்றது. உதடு மூடியே இருந்தது.

"இன்னும் போவல" என்றாள் பூவிழி.

கடைசி அறைக்குள்ளிருந்து.

அவன் கை தழும்பின் மேல் அப்படியே நின்றது.

"பொறுக்கி சார், கேக்குதா?" மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல். அவளுடைய அதே கேலி. கேலிக்கு அடியில் நடுக்கம். "கதவு தொறக்க மாட்டேங்குதுங்க. தாழ்ப்பாளத்தான் கழட்டிட்டீங்கள்ல?"

கழற்றிவிட்டான். நான்கு கதவு, நான்கு தாழ்ப்பாள். ஸ்குரூக்கள் சட்டைப் பையில் கனத்தன.

"ஏங்க. யாரு கூடப் பேசிட்டிருக்கீங்க அங்க?"

குனிந்து பார்த்தான். மடியிலிருந்த முகம் பூவிழியின் முகம். தழும்பு, மூக்குத்தி, தூங்காமல் சிவந்த கண். அந்தக் கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்துக் கூட்டுகிற குழந்தை, டீச்சர் வாயைப் பார்ப்பது போல.

"இங்க இருட்டா இருக்குங்க." கேலி போய்விட்டது. "ஈரமா இருக்கு. பால் தீயுது. வந்து புடிங்க."

எழுந்திருக்கப் பார்த்தான். வயர் சுற்றிய விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. வலிப்பு முடிந்த கையில் பிடிக்கத் தெம்பு இருக்காது. இதில் இருந்தது.

"ஏங்க. என்னக் கூப்புடுங்க. எப்பவும் கூப்புடுவீங்கள்ல. நான் பதில் சொல்றேன்."

வாயைத் திறந்தான். கூப்பிட வேண்டும். அந்தக் கதவைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். பேர் சொல்லி. பேர் மட்டும். பேர்.

அலாரம் அடித்தது.

பதினோரு வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் கழுத்து குனிந்தது, மடியில் கிடந்த முகத்தைப் பார்த்து, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இருக்கியா?"

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது வெளியே வரவில்லை.

"இருக்கேன்" என்றாள் மடியில் இருந்தவள். கடைசி எழுத்தில் கொஞ்சம் மேலே ஏறி.

கடைசி அறையில் சத்தமே இல்லை. அவன் அலாரத்தை நிறுத்தவில்லை. அது அடித்து ஓய்ந்தது. இருட்டில் மடியில் கிடந்தவளின் மறுகை மெல்ல எழுந்து அவன் கன்னத்தைத் தொட்டு, தாடையைத் தடவி, உதட்டின் மேல் வந்து நின்றது. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை சொன்னாள்.

"இருக்கேன்."