பூக்கை

கணிப்பி கைவிரித்துவிட்டது. கல்யாணம் செய்வதா, காட்டை விற்பதா, எந்தப் பட்டத்தில் மஞ்சள் போடுவது என்று ஊரே அந்த எந்திரத்தைக் கேட்டுத்தான் நடக்கும். கோகிலவாணிக்கு மட்டும், "அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு சரிபாதி. உங்கள் நம்பிக்கைப்படி முடிவெடுங்கள்" என்று சொல்லிவிட்டது. படுக்கையில் கிடப்பது அவள் புருஷன். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை என்றால் அவளுக்கு மாரியம்மன் கோயில் பூவாக்குதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். பூசாரி ஆள் பார்த்து எடுக்கிறார் என்று ஒருமுறை அடிதடியே நடந்துபோனதால், பொட்டலத்தை எடுக்க இப்போது ஓர் இரும்புக் கை வைத்திருக்கிறார்கள். பூக்கை என்று அதற்குப் பெயர்.

கோயிலில் அவள் முறை வந்து, அறுவை சிகிச்சை செய்யலாமா என்று வேண்டியதும் பூக்கை இறங்கியது. பொட்டலங்களுக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க பூசாரி, கை ஏன் நின்னுடுச்சு?"

பூசாரி நல்லுசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிப்போடாதீங்க அம்மிணி. பூக்கை சொன்னது ரெண்டு தடவை பொய்யாப் போச்சுங்க. சாமிக்குக் கெட்ட பேராயிருமேன்னு கமிட்டிக்காரங்க இதையக் கணிப்பியோட கோத்து உட்டுட்டாங்க. அது சொல்றதைத்தான் இது எடுக்கும்."

"அய்யோ, கணிப்பிதானுங்க என்னைய இங்க அனுப்புச்சு!"

நல்லுசாமி பூக்கையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கணிப்பி சாமியைக் கேட்கச் சொல்கிறது, சாமி கணிப்பியைக் கேட்கிறது. கோகிலவாணிக்குத் தலை கிறுகிறுத்தது. அப்படியானால் இத்தனை நாளும் பதில் சொன்னது யார்? இனி யாரிடம் போய் நிற்பது?

"நானே ஒண்ணை எடுத்துக்கறனுங்க."

"எடுத்தா அது உங்க முடிவாயிருமுங்க அம்மிணி. ஆத்தா சொன்னதா ஆகாது."

கையை நீட்டினாள். நாளைக்கு ஒன்றுகிடக்க ஒன்று ஆகிவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"தொடாதீங்க!" வரிசையில் நின்ற ஒருத்தி அலறினாள். "ஆத்தா யோசிக்கறா!"

கூட்டம் கைகூப்பியது. கேட்ட மாத்திரத்தில் பட்டென்று பதில் சொல்லியே பழகிய அம்மன், ஒரு மனுஷிக்காக இப்படித் தயங்கி யாரும் பார்த்ததில்லை. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சிலர் விம்மினார்கள். எல்லாம் தெரிந்த நல்லுசாமியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோகிலவாணி நீட்டிய கையை இழுத்துக் கும்பிட்டபடி அந்த இரும்பு விரல்களையே பார்த்தாள். அவை ஏன் நிற்கின்றன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணில் நீர் முட்டியது.

இடுப்பில் போன் அடித்தது. ஆஸ்பத்திரிதான். கும்பிட்ட கையைப் பிரித்து அதை எடுக்க அவளால் முடியவில்லை.