கதவுகளுக்கு வைத்த பசை

மேசை மேல் இருந்த காரின் சைடு மிரர் மடிந்திருந்தது.

வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். காலையில் கிளம்பும்போது அது விரிந்துதான் இருந்தது. தலைமுடி தடிமனே உள்ள செம்புக் கம்பியை வளைத்து, அந்த மிரரை மடக்கவும் விரிக்கவும் முடிகிற மாதிரி செய்வதற்குள் அவனுக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. அது தானாக மடியாது, காற்றுக்கும் மடியாது. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அவன் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவன். நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே டீ குடிக்கப் போய்விடுவான் என்பதால் அங்கே அவனுக்குப் பெயரே பூதக்கண்ணாடி. பகலெல்லாம் முன்பின் தெரியாத வாய்களுக்குப் பல் கட்டிவிட்டு, சாயங்காலத்தில் கார் கட்டுவான். உள்ளங்கையில் அடங்கும் கார்கள். அலமாரியில் வரிசையாக நிற்பவையெல்லாம் கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டியவை. மேசை மேல் இருப்பது மட்டும் அவர்கள் வீட்டு வண்டியேதான். அதே கரும்பச்சை, பின் பம்பரில் அதே ஒடுக்கு, பின் சீட்டில் அதே கிழிசல், டேஷ்போர்டில் அவன் மனைவி ஒட்டி வைத்த மஞ்சள் பூ ஸ்டிக்கர்கூட அதே கோணத்தில். நான்கு கதவும் திறக்கும். முன் சீட்டுகள் நகரும்.

கூடத்தில் மச்சினன் சோபாவில் மல்லாந்து கிடந்தான். மனைவியின் தம்பி. வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று வந்தவன், வீடு தேடுகிற மாதிரியே தெரியவில்லை.

"என் ரூமுக்குள்ள போனியா?"

"நானா? அந்தப் பசை நெடியில மனுஷன் போவானா மாமா?"

"மிரர் மடிஞ்சிருக்கு."

"குறுகலான சந்துல போயிருக்கும்," என்றான் மச்சினன், கண்ணைக்கூடத் திறக்காமல்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே போய் இடுக்கியால் மிரரை விரித்து வைத்தான்.

அடுத்த முறை சேறு. வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே, கதவின் அடிப்பகுதிவரை தெறித்து, ஓரங்களில் காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். இந்தக் கலையில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், நிஜ மண்ணைக் கொண்டுவந்து மாடல் காரில் பூசினால் அது சேறு மாதிரி இருக்காது. மணல் துகள் ஒவ்வொன்றும் பாறாங்கல்லாகத் தெரியும். சேற்றைப் பெயிண்டில்தான் கொண்டுவர வேண்டும். இது பெயிண்ட் இல்லை. நகத்தால் சுரண்டினால் மண்ணாகவே உதிர்ந்தது. ஆனால் அளவு பிசகாத மண். மாவைவிட மெல்லிய மண்.

இதைச் செய்யத் தெரிந்த கை இந்த வீட்டில் யாருக்கு உண்டு? மச்சினனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. மிச்சம் ஒருத்திதான். அவள் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவள், விரல் நடுக்கம் என்பதே இல்லாதவள், அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்தவள். என்னைக் கிறுக்கனாக்கிப் பார்க்கிறாளா? அப்படி நினைத்தபோதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

சற்று நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் இறங்கினாள். வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே, கதவின் அடிப்பகுதிவரை சேறு.

"புதுப் பேஷண்ட் வீடு. ரோடா அது? உழுது போட்டிருக்கானுங்க," என்றாள் அவள், செருப்பை உதறிக்கொண்டே.

அவள் வருவதற்கு முன்பே அந்தச் சேறு மேசை மேல் இருந்ததே என்று அவன் யோசிக்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். ஏற்பாடு செய்த மாதிரி இருக்கிறதே, என்ன சாமர்த்தியம் என்று பார்த்தான்.

அதன் பிறகு அவன் வேலைக்குப் போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டு போனான். பூட்டு பூட்டினபடியே இருக்கும். உள்ளே கார் ஏதாவது ஒன்று பண்ணி வைத்திருக்கும். வைப்பர் பாதியில் நிற்கும். பின் கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கும். ஒரு நாள், டிரைவருக்குப் பக்கத்து சீட் நன்றாகப் பின்னால் தள்ளி, சாய்ந்து கிடந்தது. நீளமான கால் உள்ள ஒருவர் உட்கார்ந்து போனதுபோல.

அன்று சாப்பிடும்போது அவனால் பொறுக்க முடியவில்லை.

"வண்டியில பக்கத்துல யாரு உக்காந்தா?"

அவள் கை தட்டில் அப்படியே நின்றது. "பேஷண்டோட அண்ணன். மழை பெய்யுதுன்னு பஸ் ஸ்டாப்புல விட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கறேன். என் பின்னாடி ஆள் வெச்சிருக்கீங்களா?"

"நீ என் ரூமுக்குள்ள போறியா இல்லையா, அத முதல்ல சொல்லு."

"உங்க பொம்மைய நான் எதுக்குத் தொடணும்?"

பொம்மை என்றாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. பாத்திரங்கள் தடதடவென்று கழுவப்பட்டன. மறுநாள் அவள் சொல்லிக்கொள்ளாமலே வேலைக்குக் கிளம்பினாள். அவனுக்கு அன்று விடுமுறை. மதியமே இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது.

அவன் அறையில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தான். திறந்தால்தானே கை வைப்பார்கள்? திறக்கவே முடியாமல் செய்துவிட்டால்? இழுப்பறையிலிருந்து சூப்பர் க்ளூவை எடுத்தான். கதவு கதவாக, இடுக்கு விடாமல், ஊசி முனையால் பசையை ஓட்டினான். கண்ணாடிகளின் ஓரம், பானெட், டிக்கி, அடித்தட்டு, ஒன்றையும் விடவில்லை. ஆத்திரத்தில் செய்தாலும் கை சுத்தமாகத்தான் செய்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

கூடத்தில் அவன் போன் அடித்தது. எட்டிப் பார்த்தான். மனைவி. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடியும். பொம்மை என்றாளே.

திரும்பி வந்தபோது காரின் கண்ணாடிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

தலையில் அடித்துக்கொண்டான். இந்தக் கலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் செய்யும் தப்பு. கண்ணாடிப் பாகம் இருக்கும் இடத்தில் சூப்பர் க்ளூ போடவே கூடாது. அதன் ஆவி உள்பக்கம் படிந்து கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பான்! உழைப்பெல்லாம் மண்ணாய்ப் போனதே என்று அவனுக்கு அழுகையே வந்தது. எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கப் பூதக்கண்ணாடியை இறக்கினான்.

வெண்மையில் ஒரு துளி திரண்டது.

கண்ணாடியில் வழிந்து இறங்கியது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பசையின் வெண்மை பவுடர் மாதிரி படியும். அது திரளாது. வழியாது. இது ஈரம். இன்னொரு துளி. அதன் பக்கத்தில் இன்னொன்று.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் வெண்மை விலகியது. கடுகளவு. யாரோ உள்ளிருந்து துடைத்தது போல. மறுபடி விலகியது.

துடைத்தது போல இல்லை. துடைத்தார்கள்.

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஏங்க..." அவள் குரல் அடைத்திருந்தது. "எவ்வளவு நேரமா கூப்பிடறேன்..."

"எங்க இருக்க?"

"உங்களோட பேசலாம்னு ஓரமா நிறுத்தினேன். கதவு ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. கண்ணாடி இறங்கல. ஸ்டார்ட்டும் ஆகல." இருமினாள். "உள்ள ஒரே நெடி. கண்ணு எரியுது. உங்க ரூம்ல அடிக்குமே, அதே நெடி."

அவன் மேசை மேலிருந்த பசைக் குழாயைப் பார்த்தான்.

"கண்ணாடிய உடை."

"எல்லாம் பாத்துட்டேன். கல்லு மாதிரி இருக்கு. வெளிய ஒண்ணுமே தெரியல. இவ்வளவு மழையில எப்படி இப்படி வெளிச்சமா இருக்கு?"

அவன் மேசை விளக்கைப் பார்த்தான். அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை. அசிட்டோன் ஊற்றினால் பசை கரையும். பிளாஸ்டிக்கும் கரையும். கண்ணாடியும், சீட்டும், உள்ளே இருக்கிற எல்லாமும் கரையும். கத்திதான் ஒரே வழி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மெல்லிய கத்தி முனையைக் கதவு இடுக்கில் வைத்தான். சுரண்டினான்.

"ஏங்க! யாரோ வந்துட்டாங்க!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "கதவுகிட்ட சத்தம் கேக்குது. யாரோ திறக்கிறாங்க. நல்ல வேளை..."

கத்தி நின்றது.

"நிறுத்திட்டாங்க. ஐயோ, போயிடப் போறாங்க. ஏங்க, அவங்க போயிடக் கூடாதுங்க..."

சரியாகத் தெரியவில்லை. கண்ணில் நீர். கிட்டத்தில் பார்க்க வேண்டும். காரை உள்ளங்கையில் எடுத்து முகத்துக்கு நேரே தூக்கினான்.

போனில் அவள் அலறினாள். ஏதோ சரிந்தது. ஏதோ மோதியது. அவன் உள்ளங்கையில், தகரத்துக்குள் பயறு உருண்டது போல, ஒரு சின்ன அதிர்வு.



"என்னம்மா? என்ன ஆச்சு? பேசு. ஏதாவது பேசு."

இருமல். பிறகு இருமலும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, இழுத்து, விட்டு, நெடுநேரம் கழித்து மறுபடி இழுத்து.

அறை வாசலில் மச்சினன். முகத்தில் கேலி இல்லை. கையில் பைக் சாவி.

"அக்காவா மாமா? ஏன் அழறீங்க? எங்க இருக்கான்னு சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

அவன் அறையின் நடுவில், கையை நீட்டி, உள்ளங்கையை ஆடாமல் அசையாமல் தட்டையாகப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே வைக்கப் பயம். தோள் வலித்தது. விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கின.

"மாமா, எங்க இருக்கா?"

கண்ணாடியில் துடைத்திருந்த இடம் மெல்ல வெளுத்து மூடிக்கொண்டிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.